பிழை பொறுத்துப் பயிற்றல்

(சைவப் பாடசாலை ஆசிரியர்க்கு)

கற்கும் மாணாக்கன் பிழை செய்தல் இயல்பு. அதனைத் திருத்துதல் ஆசிரியர் கடன். இவ்விரண்டும் யாவரும் அறிந்தனவே. ஆயினும், திருத்தும் முறையினாலே மாணாக்கனது முயற்சி வளர்தலும் உண்டு, வேரோடு அழிதலும் உண்டு என்பதனை நம்மவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சைவப் பாடசாலை ஆசிரியராகிய நமக்கு இவ்விடயத்தில் ஒரு தனியிடரும் உளது. நாம் கற்பிப்பனவற்றுள் தலையாயது திருமுறை. அஃது ஓரெழுத்தும் பிறழாது ஓதற்குரியது. ஆதலின், பிழையென்றால் நமக்கு அச்சம். அவ்வச்சத்தைக் குழந்தைகளுக்கும் ஊட்டிவிடுகின்றோம். ஊட்டியதன் பயன் யாது? பிழையும் ஒழிகின்றது, பாட்டும் ஒழிகின்றது.

பல்லாண்டுகளுக்கு முன்னர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் யாம் கற்பித்த காலத்து நிகழ்ந்ததொன்றை ஈண்டு உரைத்தல் வேண்டும். உழவர் குடியிற் பிறந்த ஒரு சிறுவன், பத்துப் பிராயத்தினன், காலைப் பிரார்த்தனையிலே பதிகம் பாட முன்வந்தான். குரல் நன்று, ஆயின் ழகரம் வருமிடமெல்லாம் ளகரமாக ஒலித்தது, இரண்டாம் பாட்டில் ஓரடியும் விடுபட்டது. யாம் அவனை இடையிலே மூன்று முறை நிறுத்தித் திருத்தினோம். மூன்றாம் முறை பிள்ளைகள் நகைத்தனர். திருமுறையின் தூய்மையைக் காத்தேம் என்றே அன்று எமக்கு எண்ணம். மறுவாரந் தொடங்கி அச்சிறுவன் பிரார்த்தனை முடிந்த பின்னரே பாடசாலைக்கு வரலானான். ஓராண்டு கழியுமுன் வருதலையே விட்டொழிந்தான்.

ஏழு ஆண்டுகள் சென்றன. ஓரிரவு அயற்கிராமமொன்றில் வடமோடிக் கூத்துக் காணச் சென்றிருந்தேம். அருச்சுனன் வேடந் தாங்கி ஆடியவன் அவனே. இரவு தொடங்கி விடியுமளவும் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களை ஏடு பாராது பாடினான். ழகரமும் பிழையின்றி ஒலித்தது. விடிந்தபின் அவனைக் கண்டு, இத்தனை பாட்டையும் எங்ஙனம் மனத்திற் கொண்டாய் என்று வினவினேம். "அண்ணாவியார் பாதியில மறிக்கமாட்டார் சேர். பாட்டு முடிஞ்ச பிறகுதான் சொல்லித் தருவார்" என்றான். எம்மைக் குற்றங் கூறும் நோக்கம் அவனுக்கு இல்லை. ஆயினும், அன்று தொட்டு அச்சொல் எம்மை விட்டு நீங்கியதில்லை. இக்கட்டுரை அச்சொல்லின் விரிவேயாம்.

அண்ணாவியாரின் முறை

மட்டக்களப்பு நாட்டிலே கூத்துப் பழகுவோருட் பலர் வயலிலும் வாவியிலும் தொழில் செய்வோர். முன்னாளில் எழுத்தறியாதாரும் அவருள் இருந்தனர். பகலெல்லாம் உழைத்து இரவிலே கூடிப் பல மாதம் பழகுவர். முதற்கண் அண்ணாவியார் மத்தளம் கொட்டித் தாளக்கட்டுச் சொல்ல ஆட்டம் பழக்கப்படும். இன்னார்க்கு இன்ன வேடமென வகுத்து அவரவர்க்குரிய பாட்டுக்களைக் கொடுத்தலைச் சட்டங்கொடுத்தல் என்பர். பழக்கம் முதிர்ந்துழிச் சலங்கை அணிவிப்பர். அதன்பின் முழுக்கூத்தையும் தொடர்ந்து ஆடிப் பார்த்தல் அடுக்குப் பார்த்தலாகும். இவையெல்லாம் முடிந்த பின்னரே அரங்கேற்றம்.

இவ்வொழுங்கின் உட்பொருளை ஆசிரியர் நோக்குக. பிழை செய்தற்கென்றே மாதக்கணக்கான இரவுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பிழை செய்யலாகாத இடம் அரங்கேற்றம் ஒன்றே. அதற்கு முன்னுள்ள படிகள் யாவும் பிழைக்கும் திருத்தத்திற்கும் உரியன. அரங்கேற்றத்திலுங்கூடக் கூத்தன் ஓரடி மறந்தானாயின் ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பர். பக்கப்பாட்டுக்காரர் அவ்வடியை ஏந்திச் செல்வர். அவையோர் முன்னிலையில் அவனை நாணச் செய்தல் அங்கு இல்லை.

யாம் செய்த தவறு இப்பொழுது விளங்கும். காலைப் பிரார்த்தனை அரங்கேற்றம் போல்வது. பழக்கும் இடத்திற் செய்தற்குரிய திருத்தத்தை யாம் அரங்கிலே செய்தேம். பழக்கும் இடத்தையோ அச்சிறுவனுக்கு அளித்திலேம்.

நன்னூல் கூறும் பங்கு

அண்ணாவியார் கைக்கொண்ட இம்முறை நம் இலக்கண நூலுக்குப் புறம்பானதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே மாணாக்கன் கற்கும் வரலாற்றைக் கூறுமிடத்து, ஒருமுறை கேட்ட பாடத்தை மீண்டும் ஒருமுறை கேட்பவனுக்கு நூலிற் பிழைபாடு பெரிதும் இலதாகும் என்றும், மூன்றாம் முறை கேட்பவன் அதனை முறையாக எடுத்துரைக்கும் வழியை உணர்வான் என்றும் விதித்துள்ளார். முதன்முறை கேட்டவனிடத்துப் பிழை இருத்தலை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. கற்றலின் முதற்படியாகவே கொண்டார் என்பது இதனாற் பெறப்படும்.

அதனினும் வியத்தற்குரியது அவர் வகுத்த பங்கு. ஆசிரியன் உரைத்ததை நன்கு மனத்திற் கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலாலே நிரம்பும். ஆசிரியரே, முக்காற் பங்கு கல்வி மாணாக்கன் வாய்திறந்து பேசுதலாலேயே விளைகின்றது. பேசுகின்ற வாயிலே பிழை வரும். பிழைக்கு அஞ்சி அவ்வாயை மூடுவோமாயின், எத்துணைத் திறம்படக் கற்பிப்பினும் நாம் அவனுக்கு அளிப்பது காற்கூறேயன்றி வேறில்லை.

ஊன்றுகோல், ஒரு கண், மறு கண்

இனி, நம் பெருமான் பிழை செய்த அடியாரைத் திருத்திய முறையைச் சிந்திப்போம். திருவொற்றியூரிலே சங்கிலியாரைப் பிரியேனென்று சபதஞ் செய்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், திருவாரூர் வசந்த விழாவை நினைந்து அவ்வூரெல்லையைக் கடந்தபொழுது இரு கண்ணும் இழந்தார். பிழைக்குப் பயன் உடனே வந்தது. பெருமான் அதனைக் கண்டுங் காணாதிருந்தாரல்லர். ஆயின், பின் நிகழ்ந்ததைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் உரைத்த ஒழுங்கிலே காண்க. சுவாமிகள் பாடுதலை விட்டாரல்லர். தலந்தோறும் சென்று தம் குறையைச் சொல்லிப் பாடினார். திருவெண்பாக்கத்திலே அவர்க்குக் கிடைத்தது ஊன்றுகோல். காஞ்சியிலே இடக்கண். திருவாரூரிலே வலக்கண்.

எல்லாம் வல்ல இறைவனுக்கு இரு கண்ணையும் ஒருங்கே அளித்தல் அரிதன்று. அங்ஙனமாகவும், முதலில் ஊன்றுகோல், பின் ஒரு கண், அதன்பின் மறு கண் எனப் படிப்படியாக அருளினார். இதற்குச் சமயவுண்மை பல கூறலாம்; ஆசிரியராகிய நாம் கொள்ளத்தக்கது ஒன்று. தவறியவனுக்கு முதலில் வேண்டுவது முழுப்பார்வையன்று. அடுத்த ஊர்வரை நடத்தற்கு ஒரு கோல். வாசிக்க இயலாத பிள்ளைக்கு முழுப்பாடத்தையும் ஒரேநாளிற் புகட்ட முனைதல் கோல் கொடாது கண்ணைக் கேட்பதாகும். அவன் இன்று தானே வாசிக்கத்தக்க ஒரு வரியைக் கொடுத்தல் ஊன்றுகோல் கொடுத்தலாகும். கோலூன்றி நடப்பவன் நடத்தலை விடாதிருத்தலே விடாமுயற்சி. அவ்விடாமுயற்சி மாணாக்கனிடத்து உண்டாதல் கோல் கொடுப்பார் கையில் உளது.

யாழ் தேடிய ஆசிரியர்

விடாமுயற்சிக்கு நம் நாட்டிலேயே தோன்றிய சான்று ஒருவர் உளர். இந்நாளில் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார், பின்னர் விபுலாநந்த அடிகளாக விளங்கினார். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, ஆசிரியப் பயிற்சி பெற்று, 1916இல் விஞ்ஞான டிப்ளோமாத் தேர்விலும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்விலும் சித்தியெய்தினார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். கல்லடி உப்போடையிலே 1929இல் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயினார். இவையெல்லாம் நம் மாணாக்கர் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் செய்திகள். வெற்றிகளை மாத்திரம் கேட்ட குழந்தை, "இவர் பிறவியிலேயே அறிஞர், நான் அல்லேன்" என்று எண்ணி அமைதியுறும். ஆதலின், அடிகள் யாழைத் தேடிய வரலாற்றையும் உடன் உரைத்தல் வேண்டும்.

பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. கண்டார் இலர், கேட்டார் இலர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரையுமே சிறந்த சான்று. இசைச்செய்தி மிக்க கானல்வரிக்கோ அடியார்க்கு நல்லாருரை கிடைத்திலது. அரும்பதவுரை ஒன்றே உளது. இவற்றைக் கொண்டு, தாம் கற்ற கணிதத்தையும் பௌதிகத்தையும் துணையாக்கி, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அடிகள் ஆராய்ந்தார். இமயமலைச்சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் "பிரபுத்த பாரத" இதழைப் பொறுப்பேற்று நடத்திய காலத்தும் இவ்வாராய்ச்சி அவருடன் சென்றது.

அவர்க்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் இத்துறையில் உழைத்து, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டிருந்தார். ஒரு தானத்துட் சுருதி 24 என்பது அவர் கொள்கை. அடிகள் கண்ட தொகை 22. இருவரும் நோக்கிய சான்று பெரும்பாலும் ஒன்றே. கண்ட முடிபு வேறு. பின்வந்த இசையறிஞரும் இருவர் முடிபுகளையும் மீள ஆராய்ந்து சிலவற்றைக் கொண்டனர், சிலவற்றை மறுத்தனர். இதனால் முன்னையோர் உழைப்பு வீணாயிற்று என்பார் எவருமிலர். ஒருவர் நடந்த வழி மற்றொருவர்க்கு ஊன்றுகோலாயிற்று என்றே கொள்ளுதல் தகும்.

இத்துணை அறிஞர் மாறுபடுதற்குக் காரணம் நரம்பிலேயே உளது. மேல்வகுப்பு மாணாக்கர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் குரலுக்கு இளி பிறக்கும். அவ்விளியைக் குரலாகக் கொண்டு மீண்டும் இளி காண்க. இவ்வாறு 12 முறை சென்றால், தொடங்கிய குரலையே 7 தானம் மேலே அடைதல் வேண்டும். ஏழு முறை இரட்டித்தால் வரும் எண் 128. ஒன்றரையைப் பன்னிரு முறை பெருக்கினால் வருவதோ ஏறத்தாழ 129¾. சிறிது மிகுகின்றது. இம்மிகை கணக்கறியாமையால் வந்த பிழையன்று; எத்துணை வல்லுநர் கணக்கிடினும் வருவது. இதனை எங்கே அடக்குவது என்னும் வினா இசைவாணரைப் பன்னெடுங்காலம் ஆராயத் தூண்டியது. சில பிழைகள் முயற்சியின் குறைவாலன்றிப் பொருளின் ஆழத்தாலேயே எழுவன என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வகுப்பறைக்கு வேறு வேண்டா.

யாழ் நூல், சம்பந்தப்பெருமான் ஓடம் செலுத்திய தலமாகிய திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே 1947ஆம் ஆண்டு ஆனி 5, 6 ஆகிய நாட்களில் அரங்கேறியது என்று எழுதுவார் உளர். ஆங்கில மாதமாகிய யூன் 5, 6 என்பதே சரி. மாதப்பெயரைப் பெயர்த்தெழுதுவோர் வழுவியது இது. இத்தகைய பிழையை மாணாக்கன் செய்தால் சினவாது, அஃது எவ்வாறு புகுந்தது என்று அவனோடு உசாவுதலே வரலாற்றுப் பாடம். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அந்நூலை வெளியிட்டது. அரங்கேற்றத்தின் பின் ஒன்றரைத் திங்கள் நிரம்புமுன், யூலை 19ஆம் நாள் அடிகள் நிறைவெய்தினார். பதினான்கு ஆண்டுப் பழக்கம், இருநாள் அரங்கேற்றம். இவ்வளவையை நினைவிற் கொள்க.

குற்றத்தை வகுத்தல்

யாழறிந்த முன்னோர் நரம்பிலே குற்றம் கண்டபொழுது, "இது தீது" என்று எறிந்துவிட்டாரல்லர். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு எனக் குற்றத்தை நான்காக வகுத்துப் பெயரிட்டனர். பெயரிட்டவழியே நீக்கும் வகையும் தோன்றும். நாமோ மாணாக்கன் பிழையனைத்திற்கும் ஒரே பெயரிட்டு, ஒரே சிவப்புக் குறியை இடுகின்றோம்.

ஒரு சிறுவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகின்றான். 63இலிருந்து 28ஐக் கழித்து 45 என்று எழுதுகின்றான். இரண்டும் பிழையென்று குறியிட்டு அகல்வது எளிது. சற்றே நின்று நோக்கின், அவன் ஒவ்வோரிடத்தும் சிற்றெண்ணைப் பேரெண்ணிலிருந்தே கழிக்கின்றான் என்பது புலனாம். அவன் கவனமற்றவன் அல்லன், ஒரு விதியைத் தவறாமற் பின்பற்றுகின்றான், அவ்விதி பிழை. அவனை நூறு கணக்குச் செய்யச் சொல்லித் தண்டித்தால் அப்பிழையையே நூறு முறை பழகுவான். பத்துக் குச்சிகளைக் கட்டிய ஐந்து கட்டும் இரண்டு தனிக்குச்சியும் கொடுத்து, 27 எடுக்கச் சொல்லின், கட்டொன்றை அவிழ்க்க வேண்டும் என்பதைத் தானே காண்பான்.

ஓதுதலிலும் இவ்வாறே. செவியிற் பிழைபடக் கேட்டது ஒன்று. கேட்டது சரியாயினும் நாப் பழகாதது ஒன்று. ஏட்டிற் பதம் பிரித்தறியாதது ஒன்று. பொருளறியாமையாற் சொல் மாறியது ஒன்று. முதலாவதற்கு மருந்து மீண்டும் கேட்பித்தல், இரண்டாவதற்குத் தனியெழுத்துப் பயிற்சி, மூன்றாவதற்குப் பதச்சேதம், நான்காவதற்குப் பொருளுரை. நோய் அறியாது மருந்து கொடுத்தல் ஆகாது.

கைக்கொள்ளத்தக்கன

1. பிரார்த்தனையிற் பாடவிருக்கும் பிள்ளையை முதல்நாளே சிறுகுழுவிற் பாடக் கேட்க. சபையிலே பிழை நேர்ந்தால் இடைமறியாது, பாடி முடித்தபின் தனித்துத் திருத்துக.

2. ஒருகால் ஒரு பிழையையே திருத்துக. பல பிழையை ஒருங்கே கூறினால் ஒன்றும் நிலையாது.

3. விடை பிழையாயினும் சரியாயினும், "இவ்விடையை எவ்வாறு கண்டாய்?" என்று வினவுக. பிழைத்தவனிடம் மாத்திரம் வினவின் அவ்வினாவே தண்டமாகிவிடும்.

4. மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்க. நன்னூல் கூறும் அரைக்கூறு அங்கேதான் விளையும்.

5. சிறுகுறிப்பேடொன்றில் மாணாக்கர் பிழைகளை வகைப்படுத்தி எழுதுக. ஒரே பிழை பலரிடம் காணப்படின், பிழை நம் போதனையில் உளது என்று கொள்க.

6. கரும்பலகையில் நாம் தவறியதை ஒரு பிள்ளை சுட்டினால், ஒப்புக்கொண்டு திருத்துக. அக்கணத்தில் அப்பிள்ளைகள் கற்பது எப்புத்தகத்திலும் இல்லாத பாடம்.

ஐயமும் விடையும்

"பிழையைப் பொறுத்தால் அது வேரூன்றிவிடாதோ? திருமுறை பிழைபட ஓதப்படுதல் தகுமோ?" என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. பொறுத்தல் வேறு; விடுத்தல் வேறு. பிழையைக் கண்டுங் கூறாது விடுத்தல் மாணாக்கனைக் கைவிடுதலாகும். பொறுத்தலாவது, திருத்தற்குரிய காலமும் இடமும் நோக்கி, திருந்துமளவும் உடனிருத்தல். திருமுறையின் தூய்மை நமக்கு உயிரினும் மேலானதென்பதில் ஐயமில்லை. ஆயின், பாடுவார் இன்றேல் அத்தூய்மை ஏட்டிலன்றி நாவிலே எங்ஙனம் நிலவும்? பிழையின்றி ஓதும் முதியவர் ஒவ்வொருவரும் ஒருகாலத்துப் பிழைபட ஓதிய சிறுவரே.

இந்நாட்டுப் பிள்ளைகளின் நிலையையும் மறத்தலாகாது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் வாவிக்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் கல்வியைக் குலைத்தன. வீட்டிலே ஏடு விரித்துச் சொல்லிக்கொடுப்பார் இல்லாத பிள்ளைக்குப் பிழை செய்து பழகுதற்கு உலகிலுள்ள இடம் பாடசாலை ஒன்றே. அவ்விடத்தையும் அச்சத்தால் அடைத்துவிட்டால், அவன் வேறெங்குச் செல்வான்? எம் மாணாக்கனுக்கு ஒரு கூத்துக் களரி இருந்தது. எல்லார்க்கும் அது வாய்ப்பதன்று.

நாளைக் காலைப் பிரார்த்தனையில் ஒரு குழந்தை தவறிப் பாடும். அப்பொழுது நம் நாவை அடக்கி, பாட்டு முடியுமளவும் கைகூப்பி நிற்போமாக. நம் பிழைகளையெல்லாம் பொறுத்து, கோலூன்றச் செய்து, படிப்படியாகக் கண்ணளிக்கும் பெருமான் திருவருள், அக்குழந்தையிடத்தும் நம்மிடத்தும் நின்று நிலவுக.

திருச்சிற்றம்பலம்.